ரிலேயா, டிரான்சிஸ்டரா? கோளாறைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

கிணத்து மோட்டாரின் மொபைல் ஸ்டார்ட்டர், மாடித் தொட்டிக்கு வைத்த ஆட்டோமேட்டிக், குஞ்சு பொரிக்கும் பெட்டி, பேட்டரி ஸ்பிரேயர். இவற்றில் அடிக்கடி வரும் கோளாறைத் தேடிப் போனால், கரண்டை விடுவதும் நிறுத்துவதுமான அந்த ஒரு பாகத்தில்தான் பெரும்பாலும் போய் நிற்கும். அது ரிலேயாக, அதாவது காந்தத்தால் இழுத்து மூடும் சுவிட்சாக இருக்கலாம். டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட், டிரையாக் என்று குறைகடத்தி வகையாகவும் இருக்கலாம். ஒரு தடவை போனால் பாகம் கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக மாற்றியும் அதே பாகம் மறுபடி போனால், அந்த வேலைக்கு அந்த வகையே ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அப்போது மூன்றாவது முறை அதையே வாங்கிப் போடுவது வீண்.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்டர், ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தால் கீழே உள்ளதில் முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம். பெட்டியைத் திறக்குமுன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். "இப்பம் கரண்ட் இல்லை" என்று நம்பிக் கை வைக்கக் கூடாது. விவசாய லைனில் மும்முனை எந்த நிமிடமும் வரும்.

"டக்" சத்தம் கேட்கிறது, ஆனால் மோட்டாரோ விளக்கோ ஓடவில்லை

சத்தம் கேட்டால் காயில் (ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) வேலை செய்கிறது. கோளாறு காண்டாக்ட் (கரண்டை இணைத்துப் பிரிக்கும் உலோக முனைகள்) பக்கம், அல்லது அதற்கு அப்பால்.

முதலில் திருகுகள். மோட்டார் அதிரும் இடத்தில் டெர்மினல் திருகு தானாகத் தளரும். தளர்ந்த இடத்தில் வயர் முனை கறுத்து, இன்சுலேஷன் உருகியிருக்கும். கறுத்த நுனியை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவி, லக் போட்டு இறுக்குங்கள்.

அடுத்து எறும்பு. மூடியில்லாத கான்டாக்டரின் (மோட்டாருக்கான பெரிய ரிலே) காண்டாக்டுகளுக்கு நடுவே எறும்பு நசுங்கிப் பசைபோல ஒட்டியிருக்கும். மழை தொடங்கும் சமயத்தில் இது அதிகம். தூரிகையால் துடைத்தால் மோட்டார் ஓடிவிடும். பெட்டிக்கு வயர் நுழையும் ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைக்காவிட்டால் அடுத்த வாரமே திரும்ப வரும். முழுக்க மூடிய ரிலேக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதெல்லாம் சரியென்றால் காண்டாக்ட் குழி விழுந்திருக்கும். ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் நல்லதுபோலவே காட்டி ஏமாற்றும். லோடு (ரிலே ஓட்டும் மோட்டார், பல்பு) ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் ரிலேயின் காமனுக்கும் என்.ஓ. (ரிலே இழுக்காதபோது திறந்திருக்கும்) முனைக்கும் நடுவே பிடியுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். 6 ஆம்பியரில் ஒரு வோல்ட் விழுந்தால், சர்க்கரைக் கட்டி அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் 6 வாட் சூடு இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளிக் கலவைப் பூச்சுதான் தேயும், அப்புறம் இன்னும் சீக்கிரம் எரியும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. 10 ஆம்பியர் ரிலேயை வைத்துச் சில மில்லி ஆம்பியர் சிக்னலை மாற்றினால், காண்டாக்டில் படியும் படலத்தை எரிக்க அந்தக் கரண்ட் போதாது. புத்தம் புது ரிலே ஒரு தடவை பிடிக்கும், ஒரு தடவை பிடிக்காது. அங்கே ரிலேயே வேண்டாம். பிசி 817 (PC817) ஆப்டோகப்ளர், அதாவது ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் சிப் ஒன்று போதும்.

அணைத்தாலும் அணையவில்லை

இருக்கிற கோளாறுகளில் ஆபத்தானது இதுதான். தொட்டி வழியும், கிணறு வற்றி மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகும், பெட்டியில் முட்டை வெந்துவிடும்.

*மும்முனை ஸ்டார்ட்டரில், சிவப்புப் பட்டனை அழுத்தினால் நிற்கிறது, விரலை எடுத்தால் மறுபடி ஓடுகிறது.* பச்சைப் பட்டனுக்கு இணையாக வைத்திருக்கும் ஆன் ரிலே ஒட்டிக்கொண்டது, இல்லையென்றால் பச்சைப் பட்டனே உள்ளே சிக்கிக்கொண்டது. மொபைல் ஸ்டார்ட்டரிலிருந்து வரும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது ஒழுங்காக நின்றால் ரிலேதான். கழற்றிய பிறகும் அப்படியே என்றால் பட்டன்.

*சிவப்புப் பட்டனை அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை.* கான்டாக்டரின் காண்டாக்டே ஒட்டிவிட்டது, அல்லது மேல் தகட்டில் கிரீஸும் தூசியும் பிசின்போலப் பிடித்துக்கொண்டது. மெயினை இறக்கி, கையால் அமுக்கி விடுங்கள். துள்ளித் திரும்ப வேண்டும். வரவில்லையென்றால் காண்டாக்ட் கிட் மாற்ற வேண்டும்.

*வீட்டு மோட்டார், சின்ன ரிலே போர்டு.* நீல நிற ரிலேயில் "10 ஆம்பியர் 250 வோல்ட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து 1 எச்பி மோட்டாரை அதில் நேராக மாட்டியிருப்பார்கள். அந்த 10 ஆம்பியர், பல்பு, ஹீட்டர் மாதிரி லோடுக்குச் சொன்னது. 1 எச்பி மோனோபிளாக் ஓடும்போது 6 முதல் 8 ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் 30 ஆம்பியரைத் தாண்டும். காண்டாக்ட் மூடும்போது ஓரிரு தடவை துள்ளும். அந்தத் துள்ளலில் 30 ஆம்பியர் பாய்ந்தால் அது வெல்டிங் வைப்பது மாதிரிதான்.

சோதனை எளிது. ஃபியூஸைப் பிடுங்கி, காமனுக்கும் என்.ஓ.வுக்கும் கன்டினியூட்டி பாருங்கள். பீப் அடித்தால் ஒட்டியிருக்கிறது. ஸ்குரூ டிரைவர் பிடியால் ரிலேயைத் தட்டினால் சில சமயம் விட்டுவிடும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை ஒட்டியது மறுபடி ஒட்டும்.

வைத்தியம்: அந்தச் சின்ன ரிலே, கான்டாக்டரின் 230 வோல்ட் காயிலை மட்டும் இழுக்கட்டும்; மோட்டாரை கான்டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். கான்டாக்டர் வாங்கும்போது ஏசி-3 (மோட்டார் லோடுக்கானது) என்று போட்டிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள், பக்கத்தில் பெரிதாகத் தெரியும் ஏசி-1 (ஹீட்டர் மாதிரி லோடுக்கானது) எண்ணை அல்ல. 1 எச்பிக்கு ஏசி-3 இல் 12 ஆம்பியர் தாராளம். கான்டாக்டர் காயிலின் இரு முனைக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்-2 (மெயின் லைனுக்கான வகை) கப்பாசிட்டரும் தொடராகப் போடுங்கள். இதை ரிலே காண்டாக்டின் குறுக்கே போடாதீர்கள். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கப்பாசிட்டர் வழியாக 7 மில்லி ஆம்பியர் எப்போதும் கசியும். சின்ன லோடு அதிலேயே அரை உயிரோடு கிடக்கும்.

இங்கே ரிலேக்குப் பதில் டிரையாக் போடலாமே என்று தோன்றும். 230 வோல்ட்டில் போடலாம். மும்முனை ஸ்டார்ட்டரின் 415 வோல்ட் காயிலுக்கு மட்டும் 600 வோல்ட் டிரையாக்கை நம்பாதீர்கள். 415இன் உச்சம் 587 வோல்ட். இடி மின்னல் நாளில் மீதி 13 வோல்ட் இடைவெளி எதற்கு ஆகும்?

*மாஸ்ஃபெட் போர்டு, 12 வோல்ட் லோடு.* மாஸ்ஃபெட் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது லோடு ஓடிக்கொண்டே இருக்கும். எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். கேட்டையும் சோர்ஸையும் ஒரு வயரால் இணைத்து, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் டயோடு சோதனை பாருங்கள். ஒரு பக்கம் 0.5 வோல்ட் அளவில் காட்டி, மறுபக்கம் ஒன்றும் காட்டாமல் இருந்தால் நல்லது. இரு பக்கமும் பூஜ்யம் என்றால் போய்விட்டது.

நல்லதாக இருந்தும் அணையவில்லையா? கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கே ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கேட் அந்தரத்தில் நிற்கும். விரல் பக்கத்தில் போனாலே லோடு தானாக ஆன் ஆகும். ஒரு ரூபாய் ரெசிஸ்டரை விட்டுவிட்டு மாஸ்ஃபெட்டைத் திட்டுகிறவர்கள் நிறைய.

*எல்இடி பல்பு அணைந்தும் மினுக்குகிறது.* முதலில் சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள். நியூட்ரலில் இருந்தால் அதை மாற்றினாலே சரியாகிவிடும். ஃபேஸில்தான் இருக்கிறது, சுவிட்ச் ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே (காண்டாக்ட் இல்லாத குறைகடத்தி ரிலே) என்றால், அணைந்த நிலையிலும் அது சில மில்லி ஆம்பியர் கசிய விடும். ஒற்றை எல்இடிக்குச் சாதாரண ரிலேயே மேல். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: சாலிட் ஸ்டேட் ரிலே ஆஃப் ஆனதை நம்பி அந்த வயரைத் தொடக் கூடாது. கிணற்றுக்குள் இறங்குகிறவர் ஃபியூஸைக் கையோடு எடுத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

ரிலே படபடவென்று அடிக்கிறது

எப்போது அடிக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம்.

தொட்டி நிறையும் தறுவாயில் மட்டும் என்றால் ரிலேயில் குற்றமில்லை. தண்ணீர் அலை சென்சாரைத் தொட்டுத் தொட்டு விடுகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சென்சார் வையுங்கள், அல்லது போர்டில் 5 முதல் 10 வினாடி தாமதம் கொடுங்கள்.

சாயங்காலம் மட்டும் என்றால் லோ வோல்டேஜ். பிசான நடவு சமயத்தில் எல்லா வயலிலும் மோட்டார் ஓடும்போது லைன் 170க்கு இறங்கினால், 230 வோல்ட் கான்டாக்டர் பிடிக்கத் திணறும். காயிலின் 85 சதவீதம், அதாவது 195 வோல்ட்டுக்குக் கீழே அது இழுக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அடித்து அடித்துக் காண்டாக்ட் எரியுமுன், வோல்டேஜ் குறைந்தால் நிறுத்திவைக்கும் பிரிவென்டர் போடுங்கள்.

எந்நேரமும் அடித்தால் போர்டுக்கு வரும் டிசியைப் பாருங்கள், ரிலே இழுக்கும் அந்தக் கணத்தில். 5 வோல்ட் நீல ரிலேயின் காயில் 70 ஓம். 71 மில்லி ஆம்பியர் எடுக்கும். இழுக்கக் குறைந்தது 3.75 வோல்ட் வேண்டும். யுஎல்என் 2003 (ரிலே ஓட்டும் சிப்) வழியாக ஓட்டினால் அதிலேயே ஒரு வோல்ட் போய்விடும். பழைய போன் சார்ஜர் 4.6 வோல்ட் கொடுத்தால் காயிலுக்கு 3.6தான் மிச்சம். நல்ல 2 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். சப்ளையின் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் ஒன்றும் வையுங்கள். புதிதாகச் செய்வதென்றால் 12 வோல்ட் ரிலேக்கே போங்கள். அதன் காயில் 400 ஓம், கரண்ட் 30 மில்லி ஆம்பியர்தான், ஒரு வோல்ட் போனாலும் கண்டுகொள்ளாது.

சத்தமே இல்லை

காயில் முனைகளில் ஓம்ஸ் பாருங்கள்: 5 வோல்ட் வகைக்கு 70, 12 வோல்ட் வகைக்கு 400 சுற்றி வர வேண்டும். ஒன்றும் காட்டவில்லையென்றால் காயில் அறுந்தது. அளவு சரியென்றால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். அப்போது இழுத்தால், ஓட்டும் டிரான்சிஸ்டர் பக்கம் கோளாறு. பிசி 547 (BC547) டிரான்சிஸ்டர் போட்டு 5 வோல்ட் ரிலேயை ஓட்டினால் பேஸ் கரண்ட் 3.5 மில்லி ஆம்பியராவது வேண்டும். 3.3 வோல்ட் போர்டில் 1 கே ரெசிஸ்டர் வைத்தால் 2.6தான் போகும்; 680 ஓம் ஆக்குங்கள். 547இன் உச்சமே 100 மில்லி ஆம்பியர் என்பதால் பிசி 337 இன்னும் நிம்மதி. சில ரிலே போர்டுகள் உள்ளீடு தாழ்ந்தால்தான் இழுக்கும். புரோகிராமில் தலைகீழாக இருந்தால் வன்பொருளைக் குடைந்து பயனில்லை.

டிரான்சிஸ்டரில் கை வைக்க முடியாத சூடு

ஸ்பிரேயர் வேகக் கட்டுப்பாட்டிலும் 12 வோல்ட் எல்இடி பட்டையிலும் வருவது. ஹீட் சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இல்லாத டிஓ-220 உடம்பு (மூன்று கால், உலோக முதுகு உள்ள வகை), உள்ளே வீணாகும் ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறத்தாழ 60 டிகிரி ஏறும். அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கொட்டகைக்குள் தொடக்கமே 45 டிகிரி. ஒரு வாட்டுக்கு மேல் வந்தால் சிங்க் இல்லாமல் விடக் கூடாது.

முதல் சந்தேகம் டிப் 122 டிரான்சிஸ்டர் மேல். 3 ஆம்பியரில் அதன் குறுக்கே 2 வோல்ட் வரை விழும்: 6 வாட். பெரிய சிங்க் தேடுவதைவிடப் பாகத்தை மாற்றுங்கள். ஐஆர்எஃப்இசட் 44என் மாஸ்ஃபெட், கேட்டில் 10 வோல்ட் கிடைத்தால் 17.5 மில்லி ஓம்தான். 5 ஆம்பியரில் அரை வாட்டுகூட இல்லை.

மாஸ்ஃபெட் போட்டும் சுடுகிறதா? கேட் வோல்ட்டை அளந்து பாருங்கள். ஐஆர்எஃப் என்று தொடங்குவது பெரும்பாலும் 10 வோல்ட் கேட்டுக்குச் செய்தது. 5 வோல்ட் கொடுத்தால் அரைகுறையாகத் திறந்து சுடும். ஐஆர்எல்இசட் 44என் 5 வோல்ட்டில் நன்றாகத் திறக்கும். 3.3 வோல்ட் போர்டிலிருந்து நேராக எதையும் நம்ப வேண்டாம். நடுவில் ஒரு பிசி 817 வைத்து கேட்டை 12 வோல்ட்டுக்கு இழுத்துவிடுங்கள். 24 வோல்ட் பேட்டரியிலிருந்து கேட்டுக்கு நேராக இணைத்தால் கேட் துளைந்துவிடும், தாங்குவது 20 வோல்ட்தான்.

வேகக் கட்டுப்பாடே வேண்டாம், நாளைக்கு நாலு தடவை ஆன் ஆஃப் மட்டும்தான் என்றால் இவ்வளவு பாடு எதற்கு? 12 வோல்ட் கார் ரிலே ஒன்று போதும். ஆனால் டிசியில் 30 வோல்ட்டைத் தாண்டினால் சாதாரண ரிலே வேண்டாம். ஏசியில் நொடிக்கு நூறு தடவை கரண்ட் பூஜ்யத்துக்கு வருவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அது வராது. 48 வோல்ட், 96 வோல்ட் சோலார் லைனைச் சின்ன ரிலேயால் துண்டித்தால், காண்டாக்ட் விலகிய பிறகும் நடுவில் தீ நின்று எரியும்.

மாற்றிய டிரான்சிஸ்டர் அன்றைக்கே போகிறது

காயிலுக்குக் குறுக்கே இருக்க வேண்டிய டயோடு இல்லை, அல்லது திருப்பிப் போட்டிருக்கிறது. ரிலே காயில், சோலினாய்டு, மோட்டார் எதை அணைத்தாலும் அது எதிர்த்து ஓர் அடி அடிக்கும். காயிலுக்கு 1என்4007 போதும், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். யுஎல்என் 2003இல் டயோடு உள்ளேயே இருக்கிறது; ஆனால் 9ஆம் காலை ரிலே பிளஸ்ஸில் இணைக்க மறந்தால் அது இருந்தும் இல்லாததுதான். வேகம் மாற்றும் மோட்டாருக்கு 4007 மெதுவானது, தானும் சுட்டு மாஸ்ஃபெட்டையும் கொல்லும். 1என்5822 போன்ற ஷாட்கி (வேகமாக மாறும் டயோடு) போடுங்கள், பெரிய மோட்டாருக்கு அதைவிட அதிக ஆம்பியர் உள்ளது.

ரிலே மாதத்துக்கு ஒன்று போகிறது

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பொரிக்கும் பெட்டியில் 37.5 டிகிரியைப் பிடித்து நிறுத்த, 10 வினாடிக்கு ஒருமுறை ரிலே அடிக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 8,640 தடவை. சின்ன ரிலே முழு லோடில் தாங்கும் என்று போட்டிருப்பது ஒரு லட்சம் தடவை. பன்னிரண்டாம் நாளே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். கோழி முட்டைக்கு 21 நாள் வேண்டும். லோடு குறைவாக இருந்தால் கூடுதலாக உழைக்கும், என்றாலும் குண்டு பல்பு எரியத் தொடங்கும்போது பத்து மடங்குக்கு மேல் இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே டிரையாக்தான் சரி. டிரையாக்கைத் தூண்ட எம்ஓசி 3041 ஆப்டோ, அதன் பின்னால் பிடிஏ 16 டிரையாக். வோல்ட் பூஜ்யத்தைத் தொடும்போதே இணைப்பதால் பல்பு நீடிக்கும், ரேடியோ இரைச்சலும் வராது. 100 வாட் பல்புக்கு டிரையாக்கில் அரை வாட் சூடுதான். ஆனால் டிரையாக்கும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதனால் தொடரில் ஒரு ரிலே வைத்து, 39 டிகிரியில் துண்டிக்கும் தனித் தெர்மோஸ்டாட்டோடு இணைத்துவிடுங்கள். அது வருஷத்துக்கு ஒருமுறை அடித்தாலே அதிகம், அதனால் தேயாது. தினசரி வேலை டிரையாக்குக்கு, காவல் வேலை ரிலேக்கு. இந்தக் கூட்டணி அளவுக்கு எந்த ஒற்றைப் பாகமும் உழைப்பதில்லை.

கோயில் கொடைக்குப் போடும் ஓடும் சீரியல் செட்டுக்கும் இதே நியாயம். நொடிக்கு நாலு தடவை மாறுவதை ரிலேயில் செய்தால் கொடை முடியும்வரை தாங்காது. பிடி 136 டிரையாக் போட வேண்டும்.

தடவைகள் குறைவு, ஆனால் ஒரே ரிலேயில் இருபது முப்பது எல்இடி விளக்குகள் என்றால் காரணம் வேறு. ஒவ்வொன்றின் உள்ளேயும் உள்ள கப்பாசிட்டர் ஒரே நேரத்தில் நிரம்பும் இழுப்பு. தொடரில் ஒரு என்டிசி தெர்மிஸ்டர் (தொடக்க இழுப்பை அடக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள், அல்லது இரண்டு மூன்று ரிலேயாகப் பிரித்து அரை நொடி இடைவெளியில் ஏற்றுங்கள்.

மோட்டார் நிற்கும்போது போர்டு தன்னால் ரீசெட் ஆகிறது

சென்சார் வயரும் மோட்டார் வயரும் ஒரே குழாயில் போனால் பிரியுங்கள். கான்டாக்டர் காயிலுக்குச் சொன்ன 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஜோடி இல்லையென்றால் போடுங்கள். ஆப்டோ உள்ள ரிலே போர்டு என்றால் இரண்டு சப்ளையையும் இணைக்கும் ஜம்பரை எடுத்துவிட்டு ரிலேக்குத் தனி சப்ளை கொடுங்கள். ஜம்பர் இருக்கும்வரை ஆப்டோ பேருக்குத்தான் இருக்கிறது.

கடற்கரை ஊரிலும் சாரல் காலத்திலும் மட்டும் வருகிறது

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைப் பக்கம் உப்புக் காற்று திறந்த காண்டாக்டைப் பச்சை பூக்க வைக்கும். மூடிய வகை ரிலே வாங்கி, போர்டின் ஈயப்பற்றுப் பக்கம் பிசிபி வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். ஆனி, ஆடியில் குற்றாலம், செங்கோட்டை ஓரம் பெட்டிக்குள் வியர்க்கும். வயரைக் கீழ்ப்பக்கமிருந்து ஏற்றி, பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதற்குப் பல்லி நுழையாத வலை வையுங்கள்.

எந்த இடத்தில் நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிட வேண்டும்

மோட்டார் உடம்பிலோ பைப்பிலோ ஷாக் அடித்தால் அதற்குமேல் ஒன்றையும் சோதிக்காதீர்கள். ரிலே மாற்றியும் ஃபியூஸ் உடனே போனால் மோட்டார் காயில் எர்த் ஆகியிருக்கலாம். அதை மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துத்தான் பார்க்க முடியும், ரீவைண்டிங் கடையில் இருக்கும். கான்டாக்டர் உறுமல் நிற்கவில்லை, ஒரு ஃபேஸ் வரவில்லை, மீட்டர் பெட்டியில் கருகல் வாடை என்றால் முதலிரண்டை லைசென்ஸ் உள்ள வயர்மேன் பார்ப்பார். மூன்றாவது மின்வாரிய ஆட்களின் வேலை, சீலை உடைக்கக் கூடாது. கூப்பிடும்போது எந்த நேரத்தில் வருகிறது, எத்தனை வோல்ட் இருந்தது, எந்தப் பாகத்தை எத்தனை தடவை மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எரிந்த பழைய ரிலேயைத் தூக்கிப் போடாமல் காட்டுங்கள். உள்ளே வெள்ளி உருகி ஒட்டியிருந்தால் கிளம்பும் இழுப்பு, கரி பிடித்துத் தேய்ந்திருந்தால் அதிகத் தடவை அடித்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.